பதினொரு மாதக் காற்று

மூச்சை இழுத்து நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்தபடி காத்தம்மா நடக்கிறார். பதினைந்து அடி. வலது கையில் ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே இருந்ததை எல்லாம் உறிஞ்சி எடுத்துத் துடைத்துவைத்த வெறுமை. கையைத் தலைக்கு மேல் நீட்டிக் குடுவையின் திருகைத் திறக்கிறார். 'ஸ்ஸ்' என்று சின்னதாய் ஒரு சத்தம். மனசுக்குள் பத்து எண்ணித் திருகை மூடி, திரும்பி இருபது அடி வந்த பிறகுதான் மூச்சை விடுகிறார். கண்ணில் நீர் கோத்திருக்கிறது. வயது ஐம்பத்து மூன்று. இந்த உயரத்தில் சும்மா நின்றாலே மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும்.

"நம்ம மூச்சு துளி உள்ள போச்சுன்னா போதும். உலகத்தைப் புடிக்க வந்துட்டு என்னையே புடிச்சு அனுப்பின மாதிரி ஆயிடும்" என்பார்.

மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் ஒரு கான்கிரீட் கட்டடம். கருவிகளுக்கு ஒரு பெரிய அறை, படுக்க ஒரு சின்ன அறை, மின் அடுப்பு வைத்த ஒரு நடை. கூரையில் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியிலிருந்து விரல் தடிமனுள்ள குழாய் ஒன்று இறங்கிச் சுவரைத் துளைத்துக் கருவிக்குள் போகிறது. இரவு பகல் பாராமல் அது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு எத்தனை பங்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு முறை கையால் பிடித்த குடுவைகள் மரப்பெட்டியில் கீழே இறங்கும். காத்தம்மா வேலைக்குச் சேர்ந்தபோது அந்த எண் முந்நூற்று எழுபதுக்குச் சற்று மேலே இருந்தது. இப்போது நானூற்று இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இருபத்தாறு வருடமாக அந்த ஏற்றத்தை ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டே பேர்: காத்தம்மாவும், அவருடைய மாற்று ஆளான தாடிக்காரரும். பதினான்கு நாள் இவர் மேலே, பதினான்கு நாள் அவர் மேலே.

காத்தம்மா என்ற பெயரை வைத்தது சாமான் வண்டி ஓட்டுபவர். அவருக்குக் காரணம் இருந்தது. நிலையத்துக்கு அரைக் கிலோமீட்டர் கீழேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மாவு மூட்டையானாலும் சரி, மந்திரியானாலும் சரி, அங்கிருந்து நடைதான். ஒரு முறை உண்மையிலேயே ஒரு மந்திரி வந்தார். காத்தம்மா அவருடைய சிகரெட் பெட்டியை வாங்கி ஓட்டுநரிடம் கொடுத்து, "திரும்பி வரும்போது வாங்கிக்கோங்க சார், பத்திரமா இருக்கும்" என்று சொல்லி மேலே அழைத்துப் போனார். அன்றைய குறிப்பேட்டில் மந்திரியின் வருகை ஒரே வரிதான்: "11.20 முதல் 12.05 வரை ஒன்பது பேர். காற்று மேற்கு. அளவில் பாதிப்பில்லை."

வேலை நாளில் தலைக்கு வாசனைத் தைலம் கிடையாது. ஆடு மேய்ப்பவர்கள் கீழ்ச்சரிவில் சுள்ளி கொளுத்தினால் மணி, திசை, எத்தனை நிமிடம் என்று எழுதிவிடுவார். ஊருக்குள் இறங்கினாலும் இந்தப் புத்தி விடாது. வங்கியிலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ நின்றால் மூக்கைச் சற்றே தூக்கி ஓர் எண் சொல்வார். மகள் படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, தலைமை ஆசிரியை பேசிக்கொண்டிருக்கையிலேயே எழுந்து, "மேடம், இந்த ரூம்ல ஆயிரத்து முந்நூறு இருக்கும். பாதிப் பேர் தூங்கறது உங்க பேச்சால இல்ல. ஜன்னலைத் திறங்க" என்றார். தலைமை ஆசிரியைக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் காத்தம்மா கையடக்கக் கருவியோடு போனார். ஆயிரத்து இருநூற்று எண்பது. அதற்கடுத்த கூட்டத்துக்குப் போனபோது எல்லா ஜன்னலும் முன்கூட்டியே திறந்திருந்தன.

வீட்டில் மூன்று பேர். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஓட்டலுக்குப் போனால் சாப்பிடுவதற்கு முன் உணவுப் பட்டியலில் இருக்கும் எழுத்துப் பிழைகளைத் தின்று முடிப்பவர். பேச்சு குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பவர் அவருடைய தங்கை. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நானூறு பேரிடம் பேசிவிட்டு வந்தும் வாய் வலிக்காதவர். அண்ணிமேல் பாசம் உண்டு. அண்ணியின் வேலைமேல் மரியாதை மட்டும் வரவில்லை.

"எல்லாரும் வேலைக்குப் போய்க் களைச்சு, அப்புறம் கொஞ்சம் காத்து வாங்கலாம்னு மலைக்குப் போவாங்க. எங்க அண்ணிக்குக் காத்து வாங்கறதே வேலை! அதுக்குச் சம்பளம் வேற!" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

காத்தம்மா சிரித்துக்கொள்வார். "ஆமா, எனக்குக் கடை எப்பவும் காத்து வாங்கிட்டுத்தான் இருக்கும்."

கருவி அறையின் மூலையில், சாயம் வெளுத்துப்போன சிலிண்டர் ஒன்று பெல்ட் கட்டி நிற்கிறது. காத்தம்மா அதற்கு வைத்த பெயர் 'பெரியவர்'. அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் காத்தம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்காகத் தலைமையகத்திலிருந்து அளவு சிலிண்டர்கள் வரும். உள்ளே இருக்கும் வாயுவின் அளவு லேபிளில் அச்சடித்திருக்கும். அந்த எண்ணுக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்ய வேண்டும். பெரியவர் அந்த ஜாதி இல்லை. காத்தம்மா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், வெறும் ஒத்துப்பார்ப்பதற்காக வைக்கப்பட்டவர். திங்கட்கிழமைதோறும் ஐந்து நிமிடம் அவரைத் திறந்து அளப்பார் காத்தம்மா. எப்போதும் ஒரே பதில்: முந்நூற்று எண்பத்தொன்று புள்ளி இரண்டு பூஜ்ஜியம். ஒரு நூலிழை கூடும், ஒரு நூலிழை குறையும், அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, புதிய அளவு சிலிண்டர் வந்து சேர்ந்தது. காத்தம்மா பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். அடுத்த திங்கட்கிழமை பெரியவரைத் திறந்தார். முந்நூற்று எண்பத்தொன்று புள்ளி ஐந்து ஆறு.

மூட்டுகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தார். குழாயை மாற்றினார். மறுபடி அளந்தார். புள்ளி ஐந்து ஆறு. மறு திங்கள் தாடிக்காரரின் முறை; அவரும் அளந்தார். அதே எண். காத்தம்மா தலைமையகத்துக்கு எழுதினார். பதில் வந்தது: பழைய சிலிண்டர் அதன் காலத்தைக் கடந்துவிட்டது, அதன் அளவை இனி நம்புவதற்கில்லை, அந்தச் சோதனையை நிறுத்தி நேரத்தை மிச்சப்படுத்தவும். இன்னும் இரண்டு முறை எழுதினார். அதே பதில் இன்னும் இரண்டு முறை வந்தது.

"நிறுத்தச் சொல்லிட்டாங்களே அக்கா" என்றார் தாடிக்காரர், பொறுப்பை மாற்றிக்கொள்ளும் நாளில்.

"நேரத்தை மிச்சப்படுத்தத்தானே சொல்லியிருக்காங்க? எனக்கு நிறைய மிச்சம் இருக்கு. உனக்கு?"

தாடிக்காரர் தாடியைச் சொறிந்தார். "திங்கட்கிழமை நான் சும்மாதான் இருப்பேன்" என்றார். சோதனை தொடர்ந்தது.

அந்த வருடப் பனிக்காலம் மோசமானது. காத்தம்மா மேலே இருந்த பதினோராம் நாள் பாதை மூடியது. இருபத்து மூன்று நாள் திறக்கவில்லை. கம்பத்தின் உச்சியில் குழாய் வாயை உறைபனி அடைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு மூன்று முறை ஏணி ஏறி மரச்சுத்தியலால் தட்டி உதிர்ப்பார். அதன் நடுவில்தான் கணவருக்குக் குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு அவசர அறுவை சிகிச்சை நடந்தது. கம்பியில்லாக் கருவியில் நாத்தனாரின் குரல் கரகரத்தது. "அண்ணி, நீங்க வர முடியாதுன்னு தெரியும். அண்ணன் கண்ணு முழிச்சுட்டாரு. பயப்படாதீங்க." அன்றும் காத்தம்மா ஏணி ஏறினார். குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எதிரே காற்றின் திசை, பனியின் கனம், மூன்று நேரங்கள். வேறு ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அன்றைய கையெழுத்து மட்டும் கோட்டிலிருந்து சற்று இறங்கியிருக்கிறது.

புதிய சிலிண்டர் வந்து பதினொரு மாதம் ஆனபோது கடிதம் வந்தது. எல்லா நிலையங்களின் கணக்கையும் ஒப்பிட்டதில் இந்த நிலையம் மட்டும் தொடர்ந்து அதிகமாகக் காட்டுகிறது. பணியாளர்களின் மூச்சோ, வண்டிப் புகையோ, கவனக்குறைவோ காரணமாக இருக்கலாம். விசாரணை முடியும்வரை பதினொரு மாத அளவுகளும் தொடரிலிருந்து நீக்கிவைக்கப்படும்.

கவனக்குறைவு. அந்தச் சொல்லைக் காத்தம்மா சாப்பாட்டு மேஜையில் கடிதத்தோடு வைத்தார். சோற்றில் கை வைக்கவில்லை. அதுவரை ஒரு நாளும் அண்ணியின் வேலைக்காக வாய் திறக்காத நாத்தனார் கடிதத்தைப் பிடுங்கி இரண்டு முறை படித்தார்.

"எங்க அண்ணன் ஆஸ்பத்திரியில வயித்தைக் கிழிச்சுட்டுக் கிடந்தப்ப எங்க அண்ணி ஏணியில ஏறிப் புடிச்ச காத்து இது! இதைக் குப்பையில போடுவாங்களாமா? எவன் அவன்? நம்பர் குடுங்க, நான் பேசறேன்!"

"நீ பேசினா அவங்க நிலையத்தையே மூடிடுவாங்க" என்றார் காத்தம்மா. ஆனால் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

கணவர், காத்தம்மா கையோடு கொண்டுவந்திருந்த குறிப்பேட்டு நகலைத் தன் பக்கம் இழுத்து, திங்கட்கிழமை எண்களை விரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு வந்தார். "முன்ன என்ன இருந்துச்சு?"

"புள்ளி ரெண்டு பூஜ்ஜியம்."

"இப்ப?"

"புள்ளி அஞ்சு ஆறு. நாற்பத்தேழு திங்கக்கிழமையோட சராசரியும் அதான்."

"முப்பத்தாறு வித்தியாசம். ஒன்பதால வகுபடுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சகத்துல ஃபோன் நம்பர்ல ரெண்டு எண்ணை இடம் மாத்திக் கோத்துட்டா, வித்தியாசம் எப்பவும் ஒன்பதோட மடங்காத்தான் வரும். அப்படித்தான்னு சாதிக்க முடியாது. ஆனா எனக்கு வாசனை அடிக்குது. அந்தப் புது லேபிள்ல என்ன அச்சடிச்சிருக்கு?"

"நானூத்திப் பன்னெண்டு புள்ளி ஏழு மூணு."

"மூணு ஏழா இருந்திருந்தா?"

காத்தம்மா கணவரைப் பார்த்தார். முப்பது வருட இல்லறத்தில் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று தோன்றிய தருணங்களில் இது ஒன்று என்று பிற்பாடு சொன்னார். "ஆனா நாத்தனார் இருந்தாளே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

விசாரணைக்கு அதிகாரி மேலே வந்தார். நாற்பது வயது, பெரிய படிப்பு, நல்ல மனிதர். அரைக் கிலோமீட்டர் நடையில் உதடு வெளுத்து, தலைவலியோடு உட்கார்ந்தார். காத்தம்மா வெந்நீர் கொடுத்தார்.

"அம்மா, தப்பு யார் மேலன்னு தேடி நான் வரல" என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"பரவாயில்ல சார். நான் தேடி வெச்சிருக்கேன்."

அதிகாரி நிமிர்ந்தார். காத்தம்மா கட்டம் போட்ட தாளை விரித்தார். பெரியவரின் இருபத்து மூன்று வருடத் திங்கட்கிழமைகள், பென்சில் புள்ளிகளாய். மேஜை நீளத்துக்கு நேராக ஓடிவந்த வரிசை, ஓர் இடத்தில் படி ஏறியது போல் ஒரே தாவாய்த் தாவி, மறுபடி நேராகப் போனது.

"இது நிறுத்தச் சொன்ன சோதனை இல்லையா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். சொன்னீங்க. நிறுத்தல."

"அந்தச் சிலிண்டர் ரொம்பப் பழசும்மா. உள்ள இருக்கிற வாயுவே மாறியிருக்கலாம்."

"நீங்க அனுப்பறது எடைக்கல்லு. இந்தக் கருவி தராசு. இவரு மூலையில நான் போட்டு வெச்சிருக்கிற கருங்கல்லு. வாராவாரம் நிறுத்துப் பாக்கறேன். கருங்கல்லும் தேயும் சார், நான் இல்லேங்கல. தேஞ்சா மெல்லத் தேயும். புது எடைக்கல்லு வந்த செவ்வாய்க்கிழமையாப் பார்த்து மாறாது."

அதிகாரி, தாவிய இடத்துப் புள்ளியில் விரலை வைத்துக்கொண்டு தேதியைப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் சிலிண்டர் மாட்டிய தேதியைப் பார்த்தார். காத்தம்மா இரண்டு ஸ்பேனர்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பழைய அளவு சிலிண்டர்ல இன்னும் வாயு இருக்கு. திருப்பி அனுப்பல. மாட்டிப் பாருங்க. நான் தொட மாட்டேன், நீங்களே மாட்டுங்க. அப்புறம் என் கை பட்டுச்சுன்னு ஒரு பேச்சு வேண்டாம்."

அதிகாரியே மாட்டினார். குழாய்களைக் கழுவி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. காத்தம்மா நடையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தார். இரண்டு பேர் சாப்பாட்டுக்கு ஒன்பது கிழங்கு உரித்துவிட்டாராம். உள்ளே அதிகாரி பெரியவரைத் திறந்தார். எண்கள் அலைந்து, அலைந்து, நின்றன. அவர் வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"முந்நூத்தி எண்பத்தொண்ணு புள்ளி ரெண்டு பூஜ்ஜியம்."

"லேபிளை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க சார். ஏழும் மூணும் இடம் மாறியிருக்கான்னு. இது நான் சொல்லல, எங்க வீட்டுக்காரர் சொன்னார். அவர் அச்சகத்துல இருக்கார்."

புதிய சிலிண்டர் கீழே போனது. தலைமையகத்தின் ஆய்வகத்தில் மறுபடி அளந்தார்கள். மூன்று வாரம் ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி மூன்று ஏழு. பதிவேட்டில் சரியாக இருந்தது. லேபிளில்தான் கை தவறியிருந்தது. பதினொரு மாத அளவுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் புள்ளி மூன்று ஆறைக் கழித்தார்கள். மற்ற நிலையங்களோடு சொல்லிவைத்தாற்போல் ஒத்துப்போனது. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. கூடவே ஒரு சுற்றறிக்கையும் புறப்பட்டது: எல்லா நிலையங்களிலும் ஒரு பழைய சிலிண்டரை ஒதுக்கிவைத்துத் திங்கட்கிழமைதோறும் அளக்க வேண்டும். தாடிக்காரர் அதைச் சத்தமாக வாசித்துக்காட்டி, "அக்கா, திங்கட்கிழமை நாம இனி சும்மா இருக்க முடியாது போலிருக்கே" என்றார்.

திருத்திய வரைபடம் அச்சாகி வந்தபோது, அதைப் பார்க்க வேண்டும் என்று நாத்தனார் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். கணவரும் வந்தார். வண்டி அரைக் கிலோமீட்டர் கீழேயே நின்றது. நாத்தனார் நான்கு இடத்தில் உட்கார்ந்து, ஐந்தாவது இடத்தில் பேச்சையே நிறுத்திவிட்டார். அது ஒரு சாதனை என்று ஓட்டுநர் இன்றும் சொல்கிறார்.

வரைபடம் கருவி அறையின் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஆளை விட நீளம். இடது கீழ் மூலையில் தொடங்கி, ரம்பப் பல் போல ஏறி இறங்கி ஏறி, வலது மேல் மூலைக்குப் போகிற ஒற்றைக் கோடு. கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்து எண்களில் பிழை தேடத் தொடங்கினார். கிடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாந்தவர் போலவும் கொஞ்சம் பெருமைப்பட்டவர் போலவும் மனைவியைப் பார்த்தார்.

"ஏன் அண்ணி இது ஏறி ஏறி இறங்குது?"

"செடி தழைக்கிற காலத்துல உறிஞ்சிக்கும், இறங்கும். இலை உதிர்ற காலத்துல விட்டுடும், ஏறும். வருஷா வருஷம் இதேதான். ஆனா ஏறின அளவுக்கு இறங்கறதில்ல பாரு."

நாத்தனார் பார்த்தார். டோக்கன் ஜன்னலில் கூட்டத்தைப் பார்க்கிற கண். எது நீளுகிறது, எது குறைகிறது என்று அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "இதுல நீங்க எங்கேருந்து?" என்றார்.

காத்தம்மா கீழ் மூலைக்கு அருகில் குனிந்து, கோட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். பிறகு விரலைக் கோட்டிலிருந்து எடுக்காமல், பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து நடந்தார். விரல் ஏறியது, இறங்கியது, ஏறியது. மகள் பிறந்த வருடத்தைத் தாண்டியது. அந்தப் பதினொரு மாதத்தில் நிற்கவுமில்லை, வேகம் குறையவுமில்லை. வழுவழுவென்று கடந்து போனது. போகப்போகக் கை தோளுக்கு வந்தது, தலைக்கு வந்தது, தலைக்கு மேலே போனது.

"இதுக்கப்புறம்?" என்றார் நாத்தனார், மெல்ல.

தாள் முடிந்துவிட்டிருந்தது. காத்தம்மா குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்று, தாளைத் தாண்டி வெறும் சுவரின்மேல் விரலை நகர்த்தினார். கை எட்டுகிற மட்டும் போய், அங்கே ஊன்றிக்கொண்டு நின்றார்.